தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கும் ஏற்றுமதி நாடு சொந்தக் காலில் நிற்குமா? தென்கொரியாவை முன்வைத்து

பொறிவல்லான்:
இறக்குமதித் தொழில்நுட்பத்தை நம்பும் நாடு கடைசிவரை கூலிக்கு மாரடிக்கும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அவர் தென்கொரியாவைப் பார்க்கட்டும். 1964இல் அதன் ஏற்றுமதி 10 கோடி டாலர். 1977இல் 1,000 கோடி. இரு நாட்டு உறவைச் சீராக்கிய 1965 உடன்படிக்கையில் ஜப்பான் தந்த பணத்தில் ஒரு பங்கும் ஜப்பானிய நுட்பமும் சேர்ந்துதான் போஹாங் உருக்காலையை எழுப்பின. 1973இல் அங்கே இரும்பு உருகி ஓடியது. வாங்கியதால் என்ன குறைந்துபோயிற்று?

வைகைக்கரையான்:
குறைந்தது என்னவென்று 2019 ஜூலையில் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களிடம் வாங்கிய கட்டாய உழைப்பு பற்றிய வழக்கில் ஜப்பானிய நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் முந்தைய ஆண்டு தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தகராறு முற்றிய நேரத்தில் சில்லுகளும் திரைகளும் செய்யத் தேவையான மூன்றே மூன்று வேதிப்பொருள்களின் ஏற்றுமதியை ஜப்பான் இறுக்கியது: ஹைட்ரஜன் ஃபுளோரைடு, ஃபோட்டோரெசிஸ்ட், ஃபுளோரின் கலந்த பாலிஇமைடு. முதலாவது, சில்லு செய்யும் சிலிக்கான் வில்லைமேல் படியும் படலத்தை அரித்துக் கழுவுவதற்கானது. கொடிய நச்சு, வாங்கிக் குவித்துவைக்கவும் முடியாது. உலகின் நினைவகச் சில்லுகளில் பாதிக்கு மேல் செய்யும் நாடு அதற்காகக் கைபிசைந்து நின்றது. சில நாள்களிலேயே சாம்சங் துணைத் தலைவர் லீ ஜே-யோங் டோக்கியோவுக்குப் பறந்தார். உங்கள் 1,000 கோடிக் கணக்கில் இது வருகிறதா?

பொறிவல்லான்:
வருகிறது. அதற்குப் பின் அங்குள்ள நிறுவனங்களே ஹைட்ரஜன் ஃபுளோரைடை உயர் தூய்மையில் செய்யத் தொடங்கின. ஜப்பானிலிருந்து வருவது வெகுவாகக் குறைந்தது. 2023இல் கட்டுப்பாடும் விலக்கப்பட்டது.

ஆலைமகள்:
வாங்கினார்களா இல்லையா என்றே இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹூண்டாயின் போனி கார் 1970களின் நடுவில் வந்தபோது எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷியுடையது, வடிவம் இத்தாலியர் ஜுஜாரோவுடையது. 1980களில் பிரிட்டனின் ரிக்கார்டோ நிறுவனத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொந்த எஞ்சினில் இறங்கினார்கள். சோதனை மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின்கள் உடைந்தன. 1991இல் ஆல்ஃபா எஞ்சின் வந்தது. பிற்பாடு ஹூண்டாயின் வேறோர் எஞ்சினின் அடிப்படை வடிவமைப்பை மிட்சுபிஷியே எடுத்துப் பயன்படுத்தியது! நான் உதிரிபாக ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வெளிநாட்டு வரைபடம் வந்து சேர்கிறது. துளையின் அளவு ஏன் அவ்வளவு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. எத்தனை ஆண்டு ஏற்றுமதி செய்தாலும் அந்தக் கேள்விக்கு விடை தானாக வராது. உடைத்துப் பார்க்கப் பணமும் பொறுமையும் ஒதுக்க வேண்டும், அதை முதலாளிகளிடம் அரசு கேட்டு வாங்க வேண்டும்.

வைகைக்கரையான்:
எஞ்சின் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், சகோதரி. ஆனால் இன்றைய மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் அதீதப் புறஊதா இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே செய்கிறது. சாம்சங்கும் அதன் வாசலில்தான் நிற்கிறது. போனி காலத்தில் எஞ்சின் தர ஒருவர் மறுத்தால் வேறொருவரிடம் போகலாம். இதற்கு யாரிடம் போவது?