ஐப்பசியில் வாதாமரம் சிவந்ததாம்!

மகாதானத்தெரு:
ரெண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நம் பழைய மாணவர் குழுவில் பட்டமங்கலம் நியூஜெர்சியிலிருந்து எழுதியதற்கு ஆளாளுக்கு 'அருமை, கண்ணீர் வந்துவிட்டது' என்று போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதில் அவன் எழுதியிருப்பது இது: "இங்கே மேப்பிள் மரம் சிவக்கும்போதெல்லாம், ஐப்பசி மாதம் நம் பள்ளிக்கூட வாசலில் வாதாமரம் செக்கச்செவேலென்று இலை கொட்டியது நினைவுக்கு வரும். நமக்கும் ஓர் இலையுதிர்காலம் இருந்தது."

இருந்ததா? எந்த மாயவரத்தில்? ஐப்பசி என்றால் அடைமழை. கொடியில் காயாத டிராயர், நனைந்து ஒட்டிக்கொண்ட நோட்டு, விளக்கைப் போட்டால் மொய்க்கும் பச்சைப்பூச்சி. சோற்றில் விழுகிறது என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணை வெளிச்சத்தில் சாப்பாடு போடுவாள். இதுதான் ஐப்பசி. வாதாமரம் இலை கொட்டுவது தை கடைசி, மாசி. நான் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன். வருஷா வருஷம் பார்க்கிறேன்.

பட்டமங்கலம்:
வணக்கம் மகாதானம். நாற்பது வருஷம் கழித்து ஒரு ஞாபகத்தை எழுதினேன். அதற்கு இவ்வளவு கோபமா? காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்து வந்தபோது வாசல் முழுக்கச் சிவப்பு இலை கிடந்தது. செருப்பில்லாத காலில் ஈரமாக ஒட்டும். அதை நான் கனவு கண்டேன் என்கிறாயா?

மகாதானத்தெரு:
கனவு என்று சொல்லவில்லை. மாசி என்கிறேன்.

கொரநாட்டான்:
ஆரம்பித்துவிட்டார்கள். 1981-இல் பத்தாவது முடித்த செட்டில் இந்த ரெண்டு பேரும் அன்றைக்கும் இப்படித்தான். தலைமையாசிரியர் அறை வாசலில் முட்டி போட்டுக்கொண்டே சண்டை போட்டவர்கள்.

திருவிழந்தூர் மைனா:
வாசலில் இருந்தது வாதாமரமா? எனக்குப் பூவரசு என்றுதான் ஞாபகம். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவோமே. பழுத்தால் மஞ்சள்தான் ஆகும், சிவக்காது.

மகாதானத்தெரு:
மேடம், பூவரசு பின்பக்கம், குழாயடியில். பெண்கள் அந்தப் பக்கமாக வருவீர்கள், அதனால் உங்களுக்கு அது ஞாபகம். வாசலில் வாதாமரம்தான். அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. எந்த மாதம் என்பதுதான் கேள்வி. மாசி.

திருவிழந்தூர் மைனா:
பெண்கள் வாசல் வழியாகவே வந்ததில்லையா? நல்ல கதை. பிரேயருக்குக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்து பாடியது நாங்கள். நீங்கள் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தீர்கள்.

புலவர் வீட்டுப் பிள்ளை:
நண்பர்களே, சொல்லைச் சரி செய்துகொண்டால் சண்டையே இல்லை. பழந்தமிழில் ஆண்டுக்கு ஆறு பருவம். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பட்டமங்கலம் சொல்லும் 'இலையுதிர்காலம்' நமக்குக் கூதிர்காலம். இலை உதிர்ந்ததா என்பதே அங்கே முக்கியமில்லை. வாடைக்காற்றும் மழையும்தான்...

கொரநாட்டான்:
புலவரே, தமிழய்யா வகுப்பில் தூங்கியது போதாதா?

மகாதானத்தெரு:
கூதிரோ கீதிரோ, வாதாமரம் ஐப்பசியில் கொட்டாது. ஒரு மரம் எதற்கு இலையை உதிர்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பகல் குறையும், குளிர் வரும், அதனால் மேப்பிள் உதிர்க்கிறது. நம்மூரில் மழை நின்று, பனி அடித்து, தரை காய ஆரம்பிக்கும்போது உதிர்க்கும். வேம்பைப் பார், மாசி பங்குனியில்தான் மொட்டையாக நிற்கும். வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிற டெல்டாவில், வேர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்போது மரம் ஏனப்பா இலையைக் கழற்றிப் போட வேண்டும்? பட்டமங்கலம் பதில் சொல்லட்டும்.

பட்டமங்கலம்:
வாதாமரம் வருஷத்துக்கு ரெண்டு தடவை இலை மாற்றும். இங்கே என் பெண் தாவரவியல் படித்தவள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மகாதானத்தெரு:
ரெண்டு தடவைதான். ரெண்டாவது ஆடி. ஆடியும் மாசியும். ஐப்பசி எங்கிருந்து வந்தது? உன் பெண் மாயவரம் மரத்தைப் பார்த்திருக்கிறாளா?

எண்பத்தாறு செட்:
அண்ணே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நாங்கள் படிக்கும்போது வாசலில் மரமே இல்லை. சைக்கிள் ஸ்டாண்டுதான். நீங்கள் எந்த மரத்தைச் சொல்கிறீர்கள்?

மகாதானத்தெரு:
தம்பி, பெரியவர்கள் பேசும்போது சைக்கிள் ஸ்டாண்டைக் கொண்டுவராதே. மரத்தை வெட்டித்தான் அந்த ஸ்டாண்டைக் கட்டினார்கள்.

எண்பத்தாறு செட்:
சரிண்ணே.

பட்டமங்கலம்:
மகாதானம், நீ மட்டும் ஊரில் இருப்பதால் ஊருக்கே பட்டா வாங்கிவிட்டதாக நினைக்காதே. ஐப்பசி எனக்கு எப்படித் தெரியும் என்றால், சிவப்பு இலையை எடுத்து அதில் பொரி வைத்துத் தின்றோம். கடைமுகத்துக்குத் துலாக்கட்டம் போய் வாங்கிவந்த பொரி. ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்குதானே கடைமுகம்? உள்ளூர் லீவு விடுவார்களே? காவிரி நிறையத் தண்ணீர், நடுவில் நந்தி மண்டபம், படித்துறை முழுக்கக் கூட்டம். மறுநாள் முடவன் முழுக்கு. முதல் நாள் வாங்கிய பொரியை மறுநாள் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து வாதா இலையில் வைத்துத் தின்றேன். பக்கத்தில் நீயும் இருந்தாய். என் பங்கில் பாதியை எடுத்தாய்.

மகாதானத்தெரு:
முடவன் முழுக்கு கார்த்திகை ஒன்றாம் தேதி. அப்படியென்றால் நீ சொல்வது ஐப்பசியே இல்லை, கார்த்திகை. உன் வாயாலேயே வந்துவிட்டது. பொரியை நான் எடுக்கவில்லை, நீ கொடுத்தாய்.

கொரநாட்டான்:
அந்தப் பொரியில் எனக்கும் கொஞ்சம் பாக்கி உண்டு. அதை விடு பட்டமங்கலம், எட்டாவதில் வாங்கிய என் காம்பஸ் எங்கே?

பட்டமங்கலம்:
எந்தக் காம்பஸ்?

கொரநாட்டான்:
எந்தக் காம்பஸா? பித்தளை, முனையில் லேசாக வளைந்திருக்கும். அப்பா தஞ்சாவூரில் வாங்கிக்கொடுத்தது. வட்டம் போட்டுவிட்டுத் தருகிறேன் என்றாய். நியூஜெர்சியில் இன்னும் அந்த வட்டம் முடியவில்லை போல.

புலவர் வீட்டுப் பிள்ளை:
நண்பர்களே, கூதிர் பற்றி நான் சொன்னதை ஒருவராவது...

மகாதானத்தெரு:
இருங்கள் புலவரே. எனக்கு இப்போதுதான் பொறி தட்டுகிறது. பட்டமங்கலம் பார்த்தது இலையுதிர்காலமே இல்லை. 1977 புயல்! நவம்பர் 12, நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்தது. தீபாவளி கழிந்த கையோடு. நாம் ஏழாவது. விடிந்து பார்த்தால் தெருவில் ஓடு, கம்பி, தென்னை மட்டை. ஊரில் ஒரு மரத்திலும் இலை இல்லை. அந்த வாரமே கடைமுகமும் வந்தது. அதைத்தான் இவன் அமெரிக்கா போய் 'ஆட்டம்' (autumn) என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறான். சம்பா நாற்று முழுகி ஜனங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த ஐப்பசியை மேப்பிள் மரத்தோடு ஒப்பிடுவது அநியாயம்.

பட்டமங்கலம்:
புயலில் விழுகிற இலை பச்சையாக இருக்கும் மகாதானம். கிளையோடு பிய்ந்து கிடக்கும். நான் சொல்வது பழுத்துச் சிவந்து, காம்போடு தானாக விழுந்த இலை. அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அப்புறம், புயலில் எங்கள் வீட்டு ஓடும்தான் போயிற்று. கஷ்டத்தை நீ மட்டும் குத்தகை எடுத்த மாதிரி பேசாதே.

திருவிழந்தூர் மைனா:
பட்டமங்கலம் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. மரம் பூவரசு என்பதைத் தவிர.

மகாதானத்தெரு:
மேடம் இன்னும் பூவரசை விடவில்லை.

திருவிழந்தூர் மைனா:
நீங்கள் மாசியை விட்டீர்களா?

கொரநாட்டான்:
என்னிடம் ஆதாரமே இருக்கிறது. 1979, கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள். வாசல் படிக்கல்லில் வாதாங்கொட்டையை நிறுத்தி வைத்து, இன்னொரு கல்லால் ஒரு போடு போட்டேன். கொட்டை வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது, கல் இடது கட்டைவிரலில். நகம் கறுத்து விழுந்து புதிதாக முளைத்தது, இன்றைக்கும் அதன் நடுவில் ஒரு வரி ஓடும். மறுநாள் சொக்கப்பனைக்குத் துணி கட்டிய கையோடு நின்றேன். அன்றைக்கு அந்தப் படியைச் சுற்றி இலை கிடந்தது. ரத்தம் சொட்டியதும் எது இலை எது ரத்தம் என்று தெரியவில்லை.

மகாதானத்தெரு:
ஆக, நீ பார்த்த சிவப்பு உன் ரத்தம்.

கொரநாட்டான்:
யோவ்!

பட்டமங்கலம்:
பார்த்தாயா? சாட்சி வந்தாயிற்று. மரம் 1979-இல் நின்றது, கார்த்திகையில் கீழே சிவப்பு இலை கிடந்தது.

மகாதானத்தெரு:
நின்றதை யார் இல்லை என்றது? கொட்டியதா என்பதுதான் கேள்வி. ஒன்றிரண்டு இலை எப்போதும் விழும். மரம் மொத்தமாகச் சிவந்து கொட்டுவது வேறு. அது மாசி. குரூப் போட்டோ எடுத்தது நினைவிருக்கிறதா? 1981, பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால். என் அலமாரியில் இருக்கிறது. மேலே ஓரத்தில் வாதாக்கிளை தெரிகிறது, மொட்டை.

திருவிழந்தூர் மைனா:
கறுப்பு வெள்ளைப் படத்தில் மொட்டை தெரிகிறதாம். அந்தப் போட்டோவில் உங்கள் கண்ணே மூடியிருக்கும்.

மகாதானத்தெரு:
வெயில் கண்ணில் அடித்தது. அதிலிருந்தே தெரியவில்லையா, நிழல் தர இலை இல்லை என்று?

கொரநாட்டான்:
அந்தப் போட்டோவுக்கு நீ பணமே கொடுக்கவில்லை. உன் பங்கையும் நான்தான் போட்டேன்.

மகாதானத்தெரு:
அதை மறுபடியும் கிளறாதே. 2017 காவிரிப் புஷ்கரத்துக்கு நீ குடும்பத்தோடு வந்தபோது மூன்று நாள் யார் வீட்டில் தங்கினாய்?

எண்பத்தாறு செட்:
அண்ணே, மயிலாடுதுறையில் இப்போது நல்ல மழை. பேருந்து நிலையத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

பட்டமங்கலம்:
மாயவரம் என்று சொல் தம்பி. நாங்கள் படித்தபோது போர்டில் மாயூரம், வாயில் மாயவரம்.

புலவர் வீட்டுப் பிள்ளை:
பெயரை மாற்றியது 1982-இல். ஆனால் தேவாரத்திலேயே மயிலாடுதுறைதான். ஆகவே தம்பி சொன்னதே பழைய பெயர், நீங்கள் சொல்வதுதான்...

பட்டமங்கலம்:
ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா என்றுதான் பழமொழி. மயிலாடுதுறை ஆகுமா என்று இல்லை.

மகாதானத்தெரு:
இதில் மட்டும் நான் பட்டமங்கலம் பக்கம். வாதாமரத்தில் இல்லை.

இன்று காலை மழை விட்டதும் குடையோடு கிளம்பினேன். பள்ளிக்கூட மரம்தான் இல்லையே, ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மதிலோரம் நல்ல வளர்ந்த வாதாமரம் இருக்கிறது. அடுக்கடுக்காகக் கிளை, குடை விரித்த மாதிரி. இன்று ஐப்பசி 12. மரம் முழுக்கப் பச்சை. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன சார் வேண்டும் என்று கேட்கும்வரை பார்த்தேன். கீழே ஒரே ஒரு சிவப்பு இலை.

பட்டமங்கலம்:
ஆ! ஒரு இலை!

மகாதானத்தெரு:
அது நோய் பிடித்த இலை. ஓட்டை இருந்தது.

பட்டமங்கலம்:
சிவப்பு என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு இலை ஒத்துக்கொண்டாய்.

மகாதானத்தெரு:
ஒத்துக்கொள்ளவில்லை. நோய் என்றேன். மாசி வரட்டும், அதே மரத்தடியில் நின்று போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கலரில்.

திருவிழந்தூர் மைனா:
போகிற வழியில் குழாயடிப் பூவரசு இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வாசலில் இருந்ததைத்தான் சொல்கிறேன்.

கொரநாட்டான்:
பட்டமங்கலம், அடுத்த முறை ஊருக்கு வரும்போது காம்பஸ்.