தனி அளவில் செய்த அச்சு: விட்டம் குறைகிறது, அடிவிளிம்பு நிறையவில்லை. எங்கே பிழை?

குறிவட்டம் (கேள்வி)

வணக்கம். இலக்குச் சுடுதலுக்கான .30 ரைஃபிளுக்காகத் தனியாகச் செய்த, ஈயக் குண்டு வார்க்கும் இரண்டு குழி அலுமினிய அச்சு. ஆர்டரில் கொடுத்தது: விட்டம் 0.310 அங்குலம், எடை 170 கிரெய்ன், கேஸ் செக் (அடியில் மாட்டும் சிறு உலோகக் கிண்ணம்) இல்லாத தட்டை அடி, கலவை லைமன் நம்பர் 2 (ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி சேர்ந்தது). நான் வார்ப்பது 20:1 (ஈயம் 20, வெள்ளீயம் 1). கீழ்வாய் உள்ள மின்பானை, தெர்மாமீட்டரில் 345 டிகிரி செல்சியஸ்.

வந்த குண்டின் விட்டம் 0.3085. எடை 169.8 முதல் 173.1 வரை சிதறுகிறது. பாதிக்கு மேல் 172.5ஐத் தாண்டியவை. சிலவற்றின் அடிவிளிம்பு மழுங்கி இருக்கிறது, பக்கத்தில் சுருக்கமும் உண்டு. 100 மீட்டரில் இலக்கில் பட்ட துளைகளின் கூட்டம் மேலும் கீழும் நீள்கிறது. தோட்டா அறைக்கு அருகே குழலில் ஈயம் படிகிறது. குழலின் பள்ள விட்டம் (உள்ளே உள்ள வரிப்பள்ளங்களின் அடிக்கு அடி அளவு) 0.308. அச்சை லேப்பிங் செய்து (குழியைத் தேய்த்து) பெரிதாக்கிவிடலாமா?

ஈயப்பானை

லேப்பிங்கைத் தொடாதீர்கள் நண்பரே. குழியிலிருந்து எடுத்த உலோகத்தைத் திருப்பி வைக்க முடியாது. உங்களுக்கு இருப்பது இரண்டு தனிப் பிரச்சினை. அடிவிளிம்பும் எடைச் சிதறலும் வெப்பத்தால் வருபவை, விட்டக் குறைவு கலவையால் வருவது. முதலாவதை முடிக்காமல் இரண்டாவதை அளந்தால் கணக்கே தப்பாகிவிடும்.

தூய ஈயமே 327 டிகிரியில்தான் உருகும். 345இல் ஊற்றினால், ஸ்ப்ரூ தட்டை (அச்சின் மேல் மூடும், ஊற்றும் துளையுள்ள தட்டு) தொட்டதுமே உறைய ஆரம்பிக்கும். 20:1க்கு 370 முதல் 400 வரை கொண்டுபோங்கள். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், அதே வேகத்தில் ஆறிவிடும். அதனால் நடுவில் நிறுத்தி ஒவ்வொரு குண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரே சீராக, நிமிடத்துக்கு மூன்று நான்கு முறை ஊற்றுங்கள். சோதனையெல்லாம் கடைசியில்.

அச்சின் சூட்டை ஸ்ப்ரூவே (தட்டின் மேல் மிஞ்சி நிற்கும் ஈயம்) சொல்லிவிடும். ஊற்றிய கணமே உறைந்தால் அச்சு குளிர்ச்சி. ஐந்தாறு வினாடி எடுத்தால் சரி. பத்தைத் தாண்டினாலோ, தட்டைத் திருப்பி ஸ்ப்ரூவை வெட்டும்போது ஈயம் இழுபட்டுப் பூசினாலோ சூடு அதிகம். குண்டு முழுக்கப் பனி படர்ந்ததுபோல வெளுத்தாலும் அப்படித்தான். லேசான வெளுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், அது சுடுதலைக் கெடுக்காது.

சுருக்கத்துக்கு இன்னொரு காரணம் எண்ணெய். புது அச்சில் வெட்டு எண்ணெய் ஒட்டியிருக்கும். வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள், பிறகு அசிட்டோனில் துடைத்து முழுசாக உலர விடுங்கள். ஈரமான எதுவும் உருகிய ஈயத்துக்குள் போகவே கூடாது. ஒரு துளி நீர் நீராவியாகி வெடித்தால் பானையில் உள்ளது முகத்துக்கு வரும்.

வரிப்பள்ளம்

மேலே சொன்னது சரி. அடிவிளிம்பைப் பற்றி மட்டும் கூடுதலாக.

குழல் வாயை விட்டுக் கடைசியாக வெளியேறுவது குண்டின் அடி. விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் கசிந்து குண்டைச் சாய்த்துவிடும். மூக்கில் சிறு கீறல் இருந்தால் பெரிதாகத் தெரியாது, அடியில் இருந்தால் இலக்கில் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்து, விளிம்பு கூர்மையாக இல்லாததை எடை போடுவதற்கு முன்பே பானைக்குத் திருப்புங்கள்.

சூடு சரியாகியும் விளிம்பு நிறையவில்லை என்றால் ஸ்ப்ரூ தட்டைப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காற்றுக்கு வழியில்லை. தன் எடையில் தளர்ந்து ஆட வேண்டும், ஆனால் அச்சிலிருந்து தூக்கக் கூடாது. மேலே பெரிய ஸ்ப்ரூவாக ஊற்றுங்கள். குண்டு உறையும்போது சுருங்குவதற்கான ஈயம் அங்கிருந்துதான் இறங்கும். நீளமான குண்டுகளுக்குக் கீழ்வாய்ப் பானையைவிடக் கரண்டியையே நான் பரிந்துரைப்பேன். கரண்டி மூக்கை ஸ்ப்ரூ துளையில் பொருத்தி, இரண்டையும் சேர்த்து நிமிர்த்தி, சில வினாடி அழுத்தம் கொடுத்து எடுங்கள்.

எடைச் சிதறலின் வடிவமும் பேசுகிறது. பெரும்பாலானவை மேலே குவிந்து, மீதி லேசான பக்கம் வால்போல நீண்டால் உள்ளே காற்றுக்குழி அல்லது நிறையாத விளிம்பு. கனமான பக்கம் நீண்டால் அச்சுத் துண்டுகள் சரியாக மூடவில்லை, இடையில் ஈயத்துகள் இருக்கும். உங்களுடையது முதல் வகை. 20:1இல் ஆன்டிமனி இல்லாததால் நம்பர் 2ஐவிட அடர்த்தி அதிகம், ஆகவே 170ஐத் தாண்டுவது இயல்பே. சந்தேகத்துக்குரியவை 170ஐ ஒட்டியவைதான்.

குறிவட்டம்

விளக்கத்துக்கு நன்றி. 385 டிகிரி, கரண்டி, கழுவிய அச்சு. இப்போது விளிம்பு கூர்மை, எடை 172.6 முதல் 173.3க்குள். விட்டம் 0.3087, அவ்வளவுதான். தண்ணீரில் போட்டுக் கடினமாக்கினால் ஈயப் படிவு நிற்குமா?

ஈயப்பானை

நிற்காது. நீரில் போட்டுக் கடினமாக்க ஆன்டிமனி வேண்டும், கொஞ்சம் ஆர்செனிக்கும் இருந்தால்தான் நன்றாக ஏறும். ஈயமும் வெள்ளீயமும் மட்டும் உள்ள கலவையில் அதனால் பயனில்லை. அறைக்கு அருகே படிவது பெரும்பாலும் குண்டு ஒல்லியாக இருந்து வாயு பக்கவாட்டில் அரித்துக்கொண்டு போவதால். வாய்ப்பக்கம் படிந்தால் லூப் (குண்டில் பூசும் மசகு) போதவில்லை என்று பார்க்கலாம்.

வரிப்பள்ளம்

விட்டத்துக்கு வருவோம். குழி வெட்டப்பட்டது நம்பர் 2க்காக: ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5, கடினம் சுமார் 15 பிரினெல். ஆன்டிமனி உள்ள கலவை உறையும்போது குறைவாகச் சுருங்கும். அதே குழியில் 20:1 சற்று ஒல்லியாக வருவது எதிர்பார்க்க வேண்டியதே. அச்சு செய்தவர் மேல் குறை இல்லை.

முதலில் ஒரு கிலோ நம்பர் 2 வார்த்து, முழுதும் ஆறிய பிறகு மைக்ரோமீட்டரில் (வெர்னியர் போதாது) அச்சு பிரியும் கோட்டின் மேலும் அதற்குக் குறுக்கேயும் அளங்கள். 0.3095 முதல் 0.310 வந்தால் கதை முடிந்தது. பள்ள விட்டத்தைவிட 0.001 முதல் 0.002 அதிகம் என்பதே நமக்கு வேண்டியது.

20:1ஐ விட மனமில்லை என்றால், வெப்பம் தாங்கும் அலுமினிய நாடாவைக் குழியில் படாமல் ஒரு துண்டின் முகத்தில் ஒட்டலாம். ஒரு திசையில் மட்டும் பெரிதாகும், சைசர் (குண்டைக் குறித்த விட்டத்துக்கு அழுத்தும் கருவி) வழியே தள்ளினால் வட்டமாகும். சோதனைக்கு நல்லது, போட்டிக்கு நம்ப மாட்டேன்.

அடுத்த அச்சுக்கு முன் அறையின் தொண்டையை (வரிப்பள்ளம் தொடங்கும் முன் உள்ள பகுதி) செர்ரோசேஃபில் (குறைந்த சூட்டில் உருகும், அளவு எடுக்க உதவும் கலவை) வார்த்துப் பாருங்கள். வார்த்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் உண்மை அளவு, அதற்கு முன் சுருங்கிக் காட்டும். தொண்டை அளவு, பள்ள விட்டம், நீங்கள் உண்மையில் ஊற்றப்போகும் கலவை, அந்தக் கலவையில் வேண்டிய விட்டம்: நான்கையும் ஆர்டர் தாளில் எழுதுங்கள்.

ஈயப்பானை

ஒன்றை விட்டுவிட்டேன். கசடைச் சுரண்டும்போது எழும் தூளே பெரிய ஆபத்து. காற்றோட்டமான இடம், மூடிய டப்பாவில் கசடு, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. வார்க்கும்போது போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சலுகையே கிடையாது.