ஜப்பானில் ஹோஸ்ட் வீடு: முதல் இரண்டு வாரத்தில் கால் தடுக்கும் இடங்கள்

ஜப்பானியக் குடும்பத்தின் வீட்டில் (ஹோஸ்ட் வீடு) தங்கிப் படிக்க ஏப்ரல் சேர்க்கைக்குக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி. ஆனால் முதல் சிக்கல் வருவது குளியலறையில். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், விட்டதைத் தெரிந்தவர்கள் சேருங்கள்.

'ஒஃபுரோ' தொட்டி அழுக்குப் போகக் குளிக்கிற இடம் இல்லை, ஊறுகிற இடம். சுமார் 200 லிட்டர் தண்ணீர், 40 முதல் 42 டிகிரி சூடு. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான். தொட்டிக்கு வெளியே சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்பு ஷாம்பூ போட்டு, நுரை துளியும் இல்லாமல் அலசின பிறகுதான் உள்ளே இறங்கணும். நீளமான முடியைத் தூக்கிக் கட்டணும். துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

ஊறி எழுந்ததும் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிவிடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. அடுத்தவருக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. மறுநாள் அந்த மிச்சத் தண்ணீரைச் சின்ன பம்ப் வைத்து வாஷிங் மெஷினுக்கு இழுக்கிற வீடுகளும் உண்டு, அதுவும் போச்சு. வெளியே வரும்போது மூடியைப் போடுங்கள். போடாவிட்டால் சூடு இறங்கும், அடுத்தவர் 'ஒயிதகி' என்ற மறுசூட்டு பட்டனை அமுக்க வேண்டியிருக்கும், காஸ் கூடுதலாகச் செலவாகும். சுவர்ப் பலகையில் 'யோபிதஷி' என்று இன்னொரு பட்டன் இருக்கும். அது சமையலறையில் மணியடித்து ஆளைக் கூப்பிடுகிற பட்டன். விளக்கு சுவிட்ச் என்று நினைத்து அமுக்கினால் ஹோஸ்ட் அம்மா பதறி ஓடிவருவார்.

—

மேலே சொன்னதோடு தேங்காய் எண்ணெயையும் சேர்க்கணும். தலைக்கு வைத்த எண்ணெய் ஒரு ஷாம்பூவில் முழுதாகப் போகாது. தொட்டித் தண்ணீரின் மேல் படலமாக மிதக்கும், தலையணை உறையிலும் ஒட்டும். எண்ணெய் வைக்கிற நாளில் ஷவரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். குளித்து முடித்ததும் வடிகால் வலையைத் தூக்கி, சிக்கின முடியை டிஷ்யூவில் எடுத்துக் குப்பையில் போடுங்கள். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள்.

செருப்பு விஷயம் கொஞ்சம். 'கென்கான்' என்கிற வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு அந்தத் தாழ்ந்த தரையை மிதிக்காமல் நேராக மேல்படியில் ஏறணும். ஷூ முனை கதவைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைக்கணும். ஹாலில் ஸ்லிப்பர், தத்தாமி பாய் விரித்த அறையில் ஸ்லிப்பரும் கிடையாது. கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர். அதைப் போட்டபடியே சாப்பாட்டு மேசைக்கு வந்து நிற்பது முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடக்கிற கூத்து.

கழிவறைக் காகிதத்தைக் கழிவுக் கோப்பையிலேயே போட்டு ஃப்ளஷ் பண்ணணும், கூடையில் போடக் கூடாது. ஃப்ளஷ் கைப்பிடியில் இரண்டு எழுத்து இருக்கும்: கை காலை விரித்து நிற்கிற ஆள் மாதிரி இருப்பது 'பெரிது', நடுக்கோட்டின் இருபுறமும் சின்னக் கோடு உள்ளது 'சிறிது'. கழுவும் வசதி பெரும்பாலான வீடுகளில் உண்டு, அந்தக் கவலை வேண்டாம்.

ஃபுதோன் படுக்கையைக் காலையில் மடித்து அலமாரியில் வையுங்கள். விரித்தபடி விட்டால் உடம்பின் ஈரம் அடியில் தங்கி, பாயும் ஃபுதோனும் பூசணம் பிடிக்கும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் ரொம்பவே சீக்கிரம்.

—

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'பெஜிதாரியன்' என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீங்க. மீன் சாப்பிடுவீங்கன்னு பலர் நினைச்சுப்பாங்க. இப்படிச் சொல்லுங்க: "நிகு மோ சகனா மோ தபேமசென்." அந்த 'மோ' நம்ம 'உம்' மாதிரி: கறியும் மீனும் சாப்பிட மாட்டேன். அதோட நிறுத்தாம 'தஷி' என்கிற கொதிசாற்றையும் சொல்லணும். மிசோ சூப், காய் வேகவெச்சது, நூடுல்ஸ் சாறு எல்லாத்துக்கும் அடித்தளம் தஷிதான், பெரும்பாலும் கத்ஸுஓ மீன் சீவலில் போடுவாங்க. மாற்று அந்தச் சமையலிலேயே இருக்கு: கொன்பு கடற்பாசி, காய்ந்த ஷீதாகே காளான். பாட்டில் சாஸ் 'மென்த்ஸுயு'விலும் மீன் சாறு இருக்கும். கடையில் கட்டியா விற்கிற 'கரி ரூ' என்ற குழம்பு மசாலாவில் பலதிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. "காய்கறிக் குழம்புதான் பண்ணினேன்" என்று ஹோஸ்ட் அம்மா ஆசையா வைப்பாங்க, அவங்க மேல தப்பு இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடியே ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிடுங்க, முதல் ராத்திரி மேசையில் சொல்லாதீங்க.

'தைஜோபு தெஸ்' என்றால் 'சரி' என்று படிச்சிருப்பீங்க. "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்கும்போது அதைச் சொன்னா 'வேண்டாம்' என்று அர்த்தம். பசியோட எழுந்திருக்க வேண்டியதுதான். வேணும்னா "ஒனெகாய்ஷிமஸ்."

சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தா நட்டு வைக்கக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கிற விதம். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது, தகனம் முடிஞ்சு எலும்பு பொறுக்குற முறை அது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரலைன்னா சமைக்கத் தொடங்குறதுக்கு முன்னாடி, மதியத்துக்குள்ளேயே 'லைன்' (LINE) மெசேஜ் செயலியில் ஒரு வரி போட்டுடுங்க.

—

அரசு அலுவலகத்தில் செய்ய வேண்டிய பதிவு வேலைகள் பற்றி யாரும் எழுதவில்லை. குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதியணும், அது 'ஸைர்யூ கார்டு' என்ற வெளிநாட்டவர் வசிப்பு அட்டையின் பின்பக்கத்தில் அச்சாகும். அங்கே 'செதாய்நுஷி', அதாவது குடும்பத் தலைவர் யார் என்று கேட்பார்கள். ஹோஸ்டின் குடும்பத்தில் உங்களைச் சேர்த்துப் பதிந்தால், உங்கள் தேசிய சுகாதாரக் காப்பீட்டுக் கட்டண நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். நல்ல மனிதருக்குத் தேவையில்லாத தலைவலி. முன்னாலேயே அவரிடம் பேசி, ஒரே முகவரியில் தனிக் குடும்பமாகப் பதியக் கேளுங்கள். 20 வயது ஆனவர்கள் தேசிய ஓய்வூதியத்துக்கும் பதியணும், மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளிவைக்கும் சலுகை இருக்கிறது. அதே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள்.

தபால் முகவரியில் வீட்டு எண்ணுக்குப் பிறகு ஹோஸ்டின் குடும்பப் பெயர், அதற்குப் பின் 'சமாகதா' என்று எழுதணும். வங்கி அட்டையை அனுப்புகிறவர் இதை விட்டுவிட்டால், பெட்டியில் உங்கள் பெயர் இல்லை என்று தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விட வாய்ப்பு உண்டு.

—

சின்னத் திருத்தம் இல்லை, கூடுதல்: உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி, ஒரு வம்பு. வசதி குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. 'கிதே' என்றால் வா, 'கித்தே' என்றால் தபால்தலை. இந்த வித்தியாசம் நம் காதுக்கு உடனே பிடிபடும். வம்பு தகரம். 'தென்கி' என்று ஒன்றாகவே எழுதிப் பழகினால் வானிலையும் மின்விளக்கும் ஒன்றாகிவிடும். விளக்குக்கு முதல் எழுத்தை 'தம்பி'யில் வருகிற மாதிரி இல்லாமல், 'பந்து' என்பதில் வருகிற தகரம்போல் அதிர்த்துச் சொல்லணும்.

—

சமையல் பண்ணுகிறவர்களுக்கு மட்டும். மின்சாரம் 100 வோல்ட். 230 வோல்ட் மிக்ஸி திணறும், ரைஸ் குக்கர் ஐந்தில் ஒரு பங்குச் சூடுகூடத் தராது. கொண்டுபோகாதீர்கள். பல வீடுகளில் 30 அல்லது 40 ஆம்பியர்தான் ஒப்பந்தம். மைக்ரோவேவ், ஹேர் டிரையர், கெட்டில் மூன்றும் ஒரே நேரம் ஓடினால் பிரேக்கர் விழுந்து வீடே இருட்டு.

காஸ் அடுப்பில் பர்னர் நடுவே ஸ்பிரிங் பொத்தான் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது வெப்ப உணரி, 2008 அக்டோபர் முதல் தயாரான வீட்டு அடுப்புகளில் எல்லா பர்னரிலும் கட்டாயம். பாத்திரத்தின் அடி அதை அழுத்தி உட்காரணும். 250 டிகிரி பக்கம் போனதும் தானே தீயைக் குறைக்கும், பிறகு அணைத்தேவிடும். தாளிப்புக் கரண்டியைத் தீக்கு மேலே பிடித்தால் பல மாடல்களில் தீ தானே அணைந்துவிடும். எண்ணெய் காயும்போதே அணைந்தால் அடுப்பு ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். தட்டையான அடியுள்ள சின்ன வாணலியை நடுவில் வையுங்கள். 'அபுரி' அல்லது 'கோஓன்' என்ற பட்டன் இருந்தால் மூன்று விநாடி அழுத்தினால் வரம்பு கொஞ்ச நேரத்துக்குத் தளரும். அப்போது எண்ணெயை விட்டு நகரக் கூடாது. காற்றோட்ட விசிறியை முதலில் போடுங்கள். கடுகு வெடிக்கப் போகிறது, குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று ஹோஸ்டிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.