குரல் யாருக்குக் கேட்க வேண்டும்?

[மாலை 6:10] இயக்குநர்:
அனைவருக்கும் வணக்கம். நேற்று ஒத்திகை முடிந்து வாசலில் நின்று பேசத் தொடங்கிய விஷயத்தை முடிக்காமலேயே கலைந்துவிட்டோம். நம் நாடகத்தின் நாயகி ஜோன் ஆஃப் ஆர்க், கடவுள் அனுப்பிய குரல்கள் தனக்குக் கேட்டதாகச் சொல்லி ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையோடு போய், பிடிபட்டு, திருச்சபை விசாரணைக்குப் பின் 1431-இல் எரிக்கப்பட்ட பெண். அவளுக்குக் கேட்ட அந்தக் குரல்களைப் பார்வையாளர்களும் கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பதை இன்றைக்கு இந்தக் குழுவிலேயே பேசி முடித்துவிடலாம். குரல் செய்தியாக அனுப்பாமல் எழுதியே அனுப்புங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை; ஒத்திகைக் குறிப்பேட்டில் படி எடுத்து வைக்கப் போகிறேன்.

[மாலை 6:21] ஒலியமைப்பாளர்:
அக்கா, என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று இரவுகள் உட்கார்ந்து அந்தக் குரல்களைப் பதிவு செய்திருக்கிறேன். என் தங்கை பேசியதை இரண்டு அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பின்னணியில் மணியோசையை மெல்லக் கலந்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் நான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. முதல் காட்சியில் 13 வயதுப் பெண் ஒருத்தி தந்தையின் தோட்டத்தில் நின்று வெறும் காற்றைப் பார்த்து மண்டியிட்டால், அரங்கில் பாதிப் பேர் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை அவளைப் பரிதாபத்தோடுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரிதாபப்பட வேண்டிய பெண்ணா அவள்? அது மட்டுமல்லாமல், குரல் வந்தபோது பெரும்பாலும் ஒளியும் கூடவே வந்தது என்று விசாரணையில் அவளே சொல்லியிருக்கிறாள். இல்லாத எதையும் நாமாகச் சேர்க்கவில்லையே.

[மாலை 6:29] ஆயர் வேடம்:
அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. குரல் அரங்கம் முழுவதும் கேட்டுவிட்டால், நான் மேடைக்கு வருவதற்கு முன்பே என் வேடத்தின் கதை முடிந்துவிடுகிறது. அத்தனை பேருக்கும் கேட்ட குரலை இல்லை என்று சாதிக்கிற மனிதனைப் பார்வையாளர்கள் அயோக்கியன் என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பார்கள்? அவளை விசாரித்த நீதிபதி, போவே நகரத்து ஆயர் பியேர் கோஷோன் நல்லவரா, கெட்டவரா என்று நேற்றுக் கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை.

[மாலை 6:52] இயக்குநர்:
தம்பி, நேற்று நான் பதில் சொல்லாததற்குக் காரணம், சுருக்கமாகச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை என்பதுதான். கோஷோன் ஆங்கிலேய அரசரின் ஆலோசகர்களில் ஒருவர். ஜோனை 10,000 லீவ்ரு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) விலை கொடுத்து ஆங்கிலேயர் கைக்கு வாங்கித் தந்த பேரத்தை முன்னின்று நடத்தியவர். திருச்சபை விசாரிக்கும் பெண்ணைத் திருச்சபையின் சிறையில் பெண்களின் காவலில் வைக்காமல், பிரான்சின் ரூவான் நகரக் கோட்டையில் ஆங்கிலேய வீரர்களின் காவலில் சங்கிலியோடு வைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு மோசடியும் பிழையும் நிறைந்தது என்று 1456 ஜூலை 7 அன்று அதே ரூவானில் திருச்சபையே அறிவித்து ரத்து செய்தது. ஆகவே அவரை வெள்ளையடித்துக் காட்ட நாம் இந்த நாடகத்தைப் போடவில்லை. ஆனாலும் அவர் வாயிலிருந்து வருகிற ஒரு கேள்வி உண்மையான கேள்வி. "கடவுள் என்னோடு பேசினார்" என்று ஒருவர் வந்து நின்றால், அதை மற்றவர்கள் எப்படிச் சோதித்து அறிவது? அந்தக் கேள்வியை உனக்கே விடை தெரியாதவனாக நின்று கேள். வில்லன் வேலையை வழக்கின் ஏற்பாடுகளே பார்த்துக்கொள்ளும். உன் குரலில் அது வேண்டாம்.

இப்போது குரல் விஷயத்துக்கு வருகிறேன். 1431 பிப்ரவரி 24 அன்று நடந்த விசாரணையை நாம் எல்லோரும் பிரதியில் படித்திருக்கிறோம். முந்தைய நாள் குரல் எப்போது வந்தது என்று கேட்கிறார்கள். காலையில் ஒருமுறை, மாலை வழிபாட்டு நேரத்தில் ஒருமுறை, மாலையில் 'மரியே வாழ்க' ஜெபத்துக்கான தேவாலய மணி அடித்தபோது ஒருமுறை என்கிறாள். காலையில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்தேன், குரல் என்னை எழுப்பியது என்கிறாள். கையைத் தொட்டு எழுப்பியதா என்று கேட்கிறார்கள். தொடாமலே எழுப்பியது என்கிறாள். அந்த அறைக்குள்தான் இருந்ததா என்று கேட்டால், அது தெரியாது, ஆனால் கோட்டைக்குள் இருந்தது என்கிறாள். இவ்வளவையும் எழுத்தர் எழுதிக்கொண்டே போகிறார். அவர் காதில் விழுந்தது அவளுடைய பதில்கள் மட்டும்தான். அந்த மண்டபத்தில் கூடியிருந்த மதகுருக்கள், சட்டம் படித்தவர்கள், காவலாளிகள் ஆகியோரில் ஒருவருக்குக்கூட அந்தக் குரல் கேட்கவில்லை. நம் பார்வையாளர்களை எழுத்தருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவருக்குக் கேட்டது மட்டும் இவர்களுக்கும் கேட்கட்டும்.

[மாலை 6:58] எழுத்தர் வேடம்:
அக்கா, என் வேடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மே 24 அன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தின் முன்னால் ஜோன் குரல்களைப் பற்றித் தான் சொன்னதையெல்லாம் கைவிடுவதாக ஒப்புக்கொண்டு, ஆண் உடை அணிவதில்லை என்றும் வாக்குக் கொடுத்துவிடுகிறாள். நான்கு நாள் கழித்து நீதிபதிகள் சிறைக்குப் போகும்போது மறுபடியும் ஆண் உடையில் இருக்கிறாள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நீ செய்தது துரோகம் என்று குரல்கள் சொல்லின என்கிறாள். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'மரணத்தைக் கொண்டுவரும் விடை' என்று லத்தீனில் இரண்டே சொற்களைக் குறித்து வைத்திருக்கிறது எழுத்தரின் கை. ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது. அது பயமா, இரக்கமா, அலுவலகப் பழக்கமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குரலை நானும் கேட்டிருந்தால் அந்த இரண்டு சொற்களை எழுத எனக்குக் கை வந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

[இரவு 7:06] ஒலியமைப்பாளர்:
தம்பி, உன் பேனா நிற்பதை நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அது நல்ல இடம். ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் நிறையப் பேர் இந்த நாடகத்தைப் பார்க்க வருவார்கள். 1920-இல் புனிதர் பட்டம் பெற்ற ஒருத்திக்கு வானதூதர் மிக்கேலும், புனிதர்கள் கத்தரினும், மார்கரெட்டும் பேசியதை மேடையில் நாம் மௌனமாக்கிவிட்டால், அவர்கள் மனம் நோகாதா? பெரியவர் இந்தக் குழுவில் இருக்கிறார். அவர் சொல்லட்டும்.

[இரவு 7:31] பெரியவர் (வசனம் எடுத்துக்கொடுப்பவர்):
தம்பி கேட்டுவிட்டதால் எழுதுகிறேன். கைபேசியில் தட்டி எழுத எனக்கு நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 40 வருடங்களுக்கு மேலாகக் காலையிலும் இரவிலும் ஜெபம் செய்கிறவன். என் மனைவி நோயில் கிடந்த 7 மாதங்களும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஜெபித்தேன். இந்த 40 வருடங்களில் ஒரு தடவைகூட, ஒரு சொல்கூட என் காதில் விழுந்ததில்லை. அதற்காக எனக்கு யாரிடமும் வருத்தம் கிடையாது. ஆனால் மேடையில் ஸ்பீக்கர் வழியாக வானத்துக் குரல் தெளிவாகக் கேட்டால், அரங்கில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவன் என்ன நினைப்பான்? நம்பிக்கை என்பது இப்படிக் காதில் கேட்பதுதான், நமக்குக் கேட்காததால் நம்முடையது ஏதோ குறைப்பட்டது என்று நினைப்பான். நான் அப்படி நினைத்த இரவுகள் உண்டு. அந்தப் பெண்ணுக்குக் கேட்டது என்று நான் நம்புகிறேன். எனக்கும் கேட்டுத்தான் அதை நம்ப வேண்டும் என்பதில்லை. மேடையில் அமைதியாக இருந்தால் நான் வீட்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறேனோ அப்படியே அரங்கிலும் உட்கார்ந்திருப்பேன். என் மனம் நோகாது, தம்பி.

[இரவு 7:33] எழுத்தர் வேடம்:
ஐயா.

[இரவு 7:40] இயக்குநர்:
ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இதற்கு மேல் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

[இரவு 7:48] ஜோன் வேடம்:
அக்கா, ஐயா, எல்லோருக்கும் வணக்கம். நான் இதுவரை எதுவும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை நேர்முகத் தேர்வு அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டேன். குரலைப் பதிவாகப் போட்டால் என் வேலை சுலபம்; ஒலி வந்ததும் திரும்பிப் பார்த்தால் போதும். அமைதி என்றால் அந்த அமைதிக்குள் ஏதோ ஒன்று இருப்பதாக நான் காட்ட வேண்டும். நம்பாத நான், நம்புகிற ஐயாவின் கண் முன்னால் நின்று, கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டால் அது பொய் ஆகிவிடாதா? நேற்று மேலே பார்த்துக் கையைத் தூக்கியபோது என் உடம்பே கூசியது. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

[இரவு 8:04] இயக்குநர்:
தெரிந்தது. கையைத் தூக்கியது தப்பு. அதைச் செய்யச் சொன்னவள் நான்தான். தோட்டத்துக் காட்சியை நான் ஏதோ சுவரோவியத்தில் பார்த்ததுபோல் அமைத்துவிட்டேன். அந்தப் பிப்ரவரி 24 பக்கத்தையே மறுபடியும் எடுத்துப் படி. குரல் எழுப்பியதும் என்ன செய்தாய் என்பதற்கு அவள் என்ன சொன்னாள்? நன்றி சொன்னேன், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைகளைக் கூப்பினேன் என்றாள். அவ்வளவுதான். தூக்கத்திலிருந்து எழுந்த ஒரு பெண் போர்வையோடு உட்கார்ந்து கை கூப்புகிறாள். பிறகு உதவி கேட்கிறாள். அவள் வானத்தை அண்ணாந்து பார்த்ததாக எங்கும் இல்லை. தன் வீட்டில் இருக்கிற ஒருவரிடம் பேசுவதுபோல் பேசியிருக்கிறாள். புனித மார்கரெட் ஆங்கிலத்தில் பேசினாரா என்று அவர்கள் கேட்டபோது, ஆங்கிலேயர் பக்கம் இல்லாதவர் எதற்கு ஆங்கிலம் பேச வேண்டும் என்று திருப்பிக் கேட்டவள் அவள். பக்தியை முகத்தில் பூசிக்கொள்ளும் ஆளாக அவள் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீ நம்புகிறவளாக நடிக்க வேண்டாம். கேட்கிறவளாக இரு. நேற்று இரண்டாவது முறை ஓடிய சிறைக் காட்சியில் வெளியே யாரோ உன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். நீ சங்கிலியைக் கையில் பிடித்தபடியே அரை நொடி நின்றாய். கழுத்துகூடத் திரும்பவில்லை, விரல்கள் மட்டும் சங்கிலியில் இறுகின. அது ஒத்திகையில் நடந்த இடையூறு என்று நீ நினைத்து மன்னிப்புக் கேட்டாய். எனக்கு இந்த நாடகத்தில் வேண்டியது அந்த அரை நொடிதான்.

[இரவு 8:12] பெரியவர் (வசனம் எடுத்துக்கொடுப்பவர்):
மகளே, நீ நம்பாமல் இருப்பதை மறைக்காமல் சொன்னதில் எனக்கு ஆறுதல்தான். கடவுளின் அருள் நிலையில் இருக்கிறாயா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் பாவத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்; எப்படிச் சொன்னாலும் அகப்படுவாள். "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருக்கிறேன் என்றால் அதிலேயே காப்பாராக" என்றாள். அந்த வசனத்தை நீ நேற்றுச் சொன்னபோது நான் பிரதியைப் பார்க்கவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை மறந்திருந்தாலும் எடுத்துக்கொடுக்க என்னால் முடிந்திருக்காது. அதில் பொய் எதுவும் இல்லை.

[இரவு 8:20] ஒலியமைப்பாளர்:
ஐயா சொன்ன பிறகு நான் பதிவை அரங்கில் ஒலிக்க விடும்படி கேட்க மாட்டேன். அவள் சொன்ன மூன்று நேரங்களில் ஒன்று மணி அடிக்கும் நேரம் என்று அக்கா எழுதியதைப் படித்ததும், மணியோசை மட்டும் இருந்தால் போதும் என்று எனக்கே தோன்றிவிட்டது. அது கோட்டையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். அதைப் பதிவாகப் போடாமல், பக்கத்திரைக்குப் பின்னால் நின்று நானே கையால் அடிக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவள் மூச்சைப் பார்த்து நேரத்தைப் பிடிக்கலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அக்கா. அந்தப் பதிவை ஜோன் வேடம் போடும் தங்கைக்கு மட்டும் அனுப்பட்டுமா? நாடகம் தொடங்குவதற்கு முன்னால் அவள் தனியாக ஹெட்போனில் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். அதில் என்ன சொல்லப்படுகிறது என்பது அவளுக்கும், எனக்கும், அதைப் பேசிய என் தங்கைக்கும் மட்டும் தெரியும். விசாரணையில் ஆயர் எத்தனை விதமாகக் கேட்டாலும், அவள் மனதுக்குள் ஒரு விஷயம் உண்மையாகவே இருக்கும்; அதை அவருக்குச் சொல்லாமல் மறைப்பதும் உண்மையாகவே இருக்கும்.

[இரவு 8:23] ஆயர் வேடம்:
அண்ணா, இது எனக்குப் பெரிய உதவி. எனக்கு அனுப்பாதீர்கள். நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதீர்கள். உண்மையிலேயே தெரியாமல் கேட்கும்போதுதான் அந்தக் கேள்வி என் வாயில் சரியாக வரும்.

[இரவு 8:27] இயக்குநர்:
அப்படியே செய்யலாம். தம்பி, தவறுதலாகக்கூடப் பதிவை இந்தக் குழுவில் போட்டுவிடாதே. எனக்கும் அனுப்ப வேண்டாம். இயக்குநருக்குத் தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடித்தால் ஐயா என்னைத் தடுக்க வேண்டும்.

தோட்டத்துக் காட்சியில் சிறப்பு ஒளி கிடையாது. நண்பகல் வெயிலுக்கு வைத்த அதே வெளிச்சம் அப்படியே எரியட்டும். ஒளியைப் பற்றி அவள் வாயால் சொல்லும்போது பார்வையாளர்கள் கேட்டுக்கொள்வார்கள். கடைசிக் காட்சியில் சிலுவையை அவள் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடிக்கும் துறவி வேடத்துக்கு யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை நாளை நேரில் பேசுவோம்.

[இரவு 9:15] ஜோன் வேடம்:
பதிவு வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அண்ணா, உங்கள் தங்கைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

மணியைப் பற்றி ஒரு வேண்டுகோள். குரல் வலப்பக்கத்திலிருந்து, தேவாலயம் இருந்த பக்கத்திலிருந்து வந்தது என்று அவள் சொல்லியிருக்கிறாள். மணியை என்னுடைய வலப்பக்கத்தில், அதாவது பார்வையாளர்களுக்கு இடப்பக்கத்தில் கட்ட முடியுமா? நாளைக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுகிறேன்.

[இரவு 9:17] ஒலியமைப்பாளர்:
கட்டிவிடுகிறேன். நானும் முன்னதாகவே வருகிறேன்.