கருப்பு கார்ல கீறல்: பாலிஷா, செராமிக் கோட்டிங்கா?

வணக்கம். அப்பச்சியோட கருப்பு கார் பள்ளத்தூர் வீட்டு வாசல்ல வெயில்லதான் நிக்குது. செம்மண் புழுதியை டிரைவர் அண்ணன் காய்ஞ்ச துணியால துடைச்சுத் துடைச்சு, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக் கீறல். போர் தண்ணி உப்புக்கறை வேற.

காரைக்குடியில ஒரு கடையில உடனே செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல பூசுற பாதுகாப்புப் பூச்சு) போடச் சொல்றாங்க. கீறலை எடுக்காம மேல பூசினா அது அப்படியே தெரியாதா? சரி, பாலிஷ் பண்ணலாம்னு காம்பவுண்ட் (கீறலைத் தேய்ச்சு எடுக்கிற பசை) போட்டுத் தேய்ச்சா, பெயிண்ட் மேல இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் தேயும். அதோட கனமே ஏறக்குறைய 50 மைக்ரான்தான் (0.05 மி.மீ.).

பாலிஷ் மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு பெயிண்ட் கனம் அளந்து பார்க்கிற ஆள் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் இருக்காங்களா? மதுரைன்னாலும் சரி. கல்யாணத்துக்குள்ள முடிக்கணும், அப்பத்தா நச்சரிக்குறாங்க. வெறும் மெழுகு போதும்னு நினைக்கிறவங்களும் சொல்லுங்க, இந்த வெயிலுக்கு எத்தனை மாசம் தாங்குது?