மரபணுச் சோதனை பார்த்து ஃபுட்பால் டீம் எடுக்கலாமா? (கோத்தகிரி, 14 வயதுக்குட்பட்டோர்)

கோத்தகிரி கோச்:
எங்கள் ஜூனியர் டீமுக்கு அடுத்த மாதம் செலக்‌ஷன். ஒரு பையனின் அப்பா, எச்சில் மாதிரி அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் தானே பணம் கட்டுகிறேன் என்கிறார். ரிசல்ட் வந்ததும் யார் விங், யார் மிட்ஃபீல்டு, யாரை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்யலாமாம். எனக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் கமிட்டியில் பாதிப் பேர் அவர் பக்கம். விவரம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

குன்னூர் ரைட் விங்:
ஏன் விருப்பமில்லை சார்? ஏ.சி.டி.என்.3 என்ற மரபணுவைப் பற்றி 2003-லேயே ஆஸ்திரேலியாவில் ஆய்வு வந்துவிட்டது. வேகமாகச் சுருங்கும் தசைநாரில் இருக்கும் ஒரு புரதத்தை அது உருவாக்குகிறது. அதன் இரண்டு பிரதியும் வேலை செய்தால் ஆர்ஆர், இரண்டும் செய்யாவிட்டால் எக்ஸ்எக்ஸ். ஸ்பிரிண்ட் ஓடுகிறவர்களில் ஆர்ஆர் வகை அதிகம். 2008-ல் ஸ்பெயினின் முன்னணி ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் 60 பேரைப் பார்த்தார்கள். 48 சதவீதம் ஆர்ஆர். சாதாரண மக்களில் 28 சதவீதம்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எஸ்டேட் லைனில் இருந்து வரும் பையனுக்கு யார் சிபாரிசு செய்வார்கள்? நம் மாவட்டத்தில் செலக்‌ஷன் எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மரபணுவுக்குச் சிபாரிசு கிடையாது.

ஊட்டி உடற்கல்வி:
சிபாரிசு பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் அதே ஸ்பெயின் ஆய்வை முழுதாகப் படியுங்கள் தம்பி. அந்த 60 பேரில் 15 சதவீதம், அதாவது ஒன்பது பேர், எக்ஸ்எக்ஸ். அந்தப் புரதமே உடம்பில் இல்லாதவர்கள். ஒப்பிட்டுப் பார்த்த சாதாரண மக்களில் அது 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பெரிய வித்தியாசமா இது? பன்னிரண்டு வயதில் சோதனை செய்து கழித்திருந்தால் அந்த ஒன்பது பேரும் வெளியே போயிருப்பார்கள். நம் நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அந்தப் புரதம் கிடையாது. கோச் சாரின் மைதானத்தில் கால்வாசிப் பையன்களை வீட்டுக்கு அனுப்புவீர்களா?

எக்ஸ்எக்ஸ் என்பது ஊனமும் இல்லை. 2021-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் ஆண்களை 14 டிகிரித் தண்ணீரில் உட்காரவைத்துப் பார்த்தபோது, உடல் சூட்டை நன்றாகக் காத்தவர்கள் எக்ஸ்எக்ஸ் வகையினர்தான். உறைபனிக் காலத்தில் காலை ஆறு மணிக்கு ஊட்டியின் எச்.ஏ.டி.பி. மைதானத்தில் நிற்கும் எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

குன்னூர் ரைட் விங்:
கழிப்பதை விடுங்கள் அண்ணா, பயிற்சிக்காவது பயன்படுத்தலாமே. இத்தாலியில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 257 பேரை ஆராய்ந்தபோது, எக்ஸ்எக்ஸ் உள்ளவர்களுக்குத் தசைக் காயம் வரும் வாய்ப்பு ஆர்ஆரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. குடும்பங்களை வைத்துச் செய்த ஹெரிடேஜ் என்ற ஆய்வில் 20 வாரம் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் எக்கச்சக்கமாகக் கூடியது, சிலருக்கு அசையவே இல்லை. அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி குடும்பவழி வந்தது. மரபே பொருட்டில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஊட்டி உடற்கல்வி:
மரபு பெரிய விஷயம்தான், யார் மறுத்தது? அந்தப் பாதி ஒரே மரபணுவில் உட்கார்ந்திருக்கவில்லை என்கிறேன். உயரத்தை மட்டும் எடுத்தால்கூட 2022-ல் ஏறக்குறைய 12,000 மரபணு வேறுபாடுகளைக் கண்டார்கள். ஏ.சி.டி.என்.3 தசைத் திறனில் விளக்குவது இரண்டு மூன்று சதவீதம். மேட்சில் ஒருவன் பத்து கிலோமீட்டர் ஓடுகிறான், நிமிர்ந்து பார்க்கிறான், பாஸ் கொடுக்கிறான். எச்சில் மாதிரியில் அந்தப் பார்வை எங்கே இருக்கிறது?

காயத்துக்கு வருவோம். தொடையின் பின்தசைக்கான நார்டிக் பயிற்சியைச் செய்யும் டீம்களில் அந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. முட்டி போட்டு மெதுவாக முன்னால் சாய வேண்டும், காலைப் பிடிக்க ஒரு நண்பன் இருந்தால் போதும். எல்லாருக்கும் கொடுங்கள்.

கூடலூர் சிஸ்டர்:
சார், நான் நர்ஸ். நீங்கள் எல்லாரும் ஸ்பெயின், இத்தாலி என்று பேசுகிறீர்கள். நம் மலையிலேயே ஒரு மரபணு விஷயம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. சிக்கிள் செல் என்பது இரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறு. இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்த பிள்ளை பெரும்பாலும் நன்றாக இருப்பான், நன்றாக விளையாடுவான். ஆனால் தண்ணீர் குடிக்காமல், ஓய்வில்லாமல், முதல் நாளே மூச்சு முட்ட ஓடவிட்டால் தசை சிதைந்து மயங்கி விழலாம். உயிரே போகலாம். உயரமான இடத்துக்குப் புதிதாக ஏறி வந்தவர்களுக்கு மண்ணீரலும் பாதிக்கப்படலாம். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு என்பதை மறக்காதீர்கள். அமெரிக்காவில் 2006-ல் ஒரு கல்லூரி வீரர் பயிற்சியின்போது விழுந்து இறந்த பிறகு, 2010-ல் அங்கே முதல் பிரிவுக் கல்லூரி விளையாட்டில் சிக்கிள் செல் சோதனையைக் கொண்டு வந்தார்கள். நம் அரசும் 2023 ஜூலையில் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை சோதனை செய்கிறது. அந்தப் பணத்தை எச்சில் டப்பாவுக்குக் கொடுக்காமல் தண்ணீர் கேனும் ஸ்ட்ரெச்சரும் வாங்குங்கள்.

குன்னூர் ரைட் விங்:
சிஸ்டர், அதுவும் மரபணுதானே? அதற்குச் சோதனை சரி, இதற்குத் தப்பா?

கூடலூர் சிஸ்டர்:
அந்தச் சோதனையால் பிள்ளை தொடர்ந்து பாதுகாப்பாக விளையாடுகிறான். நீங்கள் கேட்கும் சோதனையால் வெளியே போகிறான். வித்தியாசம் அதுதான் தம்பி. அப்புறம், ரிசல்ட் குடும்பத்துக்குச் சொந்தம். கோச்சின் நோட்டில் எழுதி வைத்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். விளையாட்டுத் திறமை கண்டுபிடிக்கக் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்யவே கூடாது என்று 2015-ல் பல நாட்டு விளையாட்டு மருத்துவ, மரபியல் நிபுணர்கள் சேர்ந்து அறிக்கை விட்டார்கள்.

குன்னூர் ரைட் விங்:
மற்றவர் பிள்ளைக்கு வேண்டாம், சரி. என் பையன் பெரியவனாகி அவனே கேட்டால் நான் செய்துகொடுப்பேன். அதில் என் கருத்து மாறாது. ஆனால் சிபாரிசுக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

ஊட்டி உடற்கல்வி:
சொல்கிறேன். பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஓடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசத்தைத் திறமை என்று நினைத்து எடுக்கிறோம். ஐரோப்பிய அகாடமிகளிலும் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம். மாத வாரியாகப் பிரித்து ஆடவிடுங்கள், மார்க் போட வெளியூர் ஆட்களை வையுங்கள்.

கோத்தகிரி கோச்:
கமிட்டியில் இதை அப்படியே படிக்கிறேன். எங்கள் பக்கம் ஐப்பசி மழைதான் கனம், அதற்கு முன்னால் செலக்‌ஷனை முடிக்க வேண்டும். குன்னூர் தம்பி, ஊட்டி சார், நீங்கள் இருவரும் மார்க் போட வாருங்கள். எங்கள் பையன்கள் யாரையும் உங்களுக்குத் தெரியாது, அதுதான் எனக்கு வேண்டும்.