தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை (தலவாக்கலை, 1927)

கோத்தகிரி பேத்தி

வணக்கம். என் அப்பாவின் அப்பா 1927 அக்டோபரில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 1974-இல் குடும்பத்தோடு ராமேஸ்வரம் கப்பலில் வந்து, அப்புறம் கோத்தகிரியில் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டத்தில் வேலை பார்த்து, இங்கேயே காலமானார். பூனைக்கண், செம்பட்டை முடி. ‘துரைக்குப் பிறந்தவர்’ என்று ஊரில் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள், வீட்டில் யாரும் வாயே திறந்ததில்லை. கொள்ளுப்பாட்டி முதலில் கொழுந்து எடுத்தவர், பிறகு பங்களாவில் ஆயாவாக இருந்தாராம்.

இலங்கையிலிருந்து வரவழைத்த பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு. பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் ‘இல்லை’. ஆனால் தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையில் தாத்தாவுக்குத் தகப்பன் பெயர் ஒன்று இருக்கிறது. அது கொள்ளுப்பாட்டியின் அண்ணன் பெயர், காகிதத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று போட்டது என்கிறார் அத்தை. அப்பாவுக்கு 68 வயது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். அவர் இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஹட்டன்வாசி

தங்கச்சி, அந்தக் கோட்டைப் பார்த்து மனம் தளர வேண்டாம். விவாகமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்றால், தாயும் ‘நான்தான் தகப்பன்’ என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டு, அவர் பதிவேட்டில் கையொப்பமும் வைத்தால்தான் இங்கே இலங்கையில் தகப்பன் பெயர் ஏறும். ஆகவே அந்த ஆள் வந்து கையொப்பம் வைக்கவில்லை என்பதைத் தவிர அந்தக் கோடு வேறெதையும் சொல்லவில்லை. யாரென்று தாய்க்கும், பெரும்பாலும் தோட்டத்துக்கே தெரிந்திருக்கும்.

அறிவித்தவர் பெயர் என்று இன்னொரு கட்டம் இருக்கும், அதையும் பாருங்கள். அங்கே துரையின் பெயர் இருந்தால் உடனே அவர்தான் தகப்பன் என்று எண்ணிவிடாதீர்கள், தோட்டத்துப் பிறப்புகளை நிர்வாகம் அறிவிப்பது சாதாரண நடைமுறை.

அடுத்ததாக ஃபெர்குசன் டைரக்டரியைத் தேடுங்கள். ஆண்டுதோறும் வந்த தடித்த புத்தகம், ஒவ்வொரு தோட்டத்தின் பெயருக்கு எதிரே உரிமையாளர், பெரியதுரை (தோட்ட மேலாளர்), சின்னத்துரைமார் (உதவி மேலாளர்கள்) பெயர்கள் இருக்கும். 1926, 1927 இரண்டையும் பாருங்கள், சின்னத்துரைமார் அடிக்கடி தோட்டம் மாறுவார்கள். பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து எழுதுங்கள், கிளப்புக்கும் டென்னிஸுக்கும் ஒருவர் பங்களாவுக்கு மற்றவர் போய்வந்த காலம் அது.

செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) கிடைக்குமா என்று கேட்பீர்கள். 1972-க்கும் 1975-க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் மறுபடி கம்பெனிகளிடம் போனதில் பழைய காகிதங்கள் பெரும்பாலும் சிதறிவிட்டன. கொள்ளுப்பாட்டி கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். தகப்பன் இடம் காலியாக இருந்தாலும் ஞானப்பெற்றோர் யாரென்று இருக்கும், சில சமயம் அந்தப் பெயரே வழிகாட்டும். இன்னொன்று, 1889-ஆம் ஆண்டுத் தாபரிப்புச் (பராமரிப்புச் செலவு) சட்டப்படி தாய் நீதிமன்றம் போய்ப் பணம் கேட்டிருக்கலாம். ஒரு லயத்துப் பெண் துரைமேல் வழக்குப் போட்டிருப்பாள் என்று நம்புவது கஷ்டம்தான், ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

சென்டிமார்கன்

காகிதத்துக்குக் காத்திருக்காமல் அப்பாவுக்கு டிஎன்ஏ சோதனை செய்துவிடுங்கள். உங்களுக்குச் செய்வதைவிட அவருக்குச் செய்வதுதான் முக்கியம். தேடும் ஆளுக்கு அவர் பேரன், உடம்பில் கால்வாசி அந்த வழி. உங்களிடம் வந்து சேர்ந்தது அதில் பாதிதான். அதோடு, அப்பாவிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் அந்த மனிதரிடமிருந்து தாத்தா வழியாக நேரே வந்தது, மகளான உங்களிடம் அது கிடையாது. அத்தைக்கும் ஆட்டோசோமல் (பாலினக் குரோமோசோம் தவிர்ந்த மற்றவற்றைப் பார்க்கும்) சோதனை செய்தால் நல்லது, அப்பாவுக்கு வராத துண்டுகள் அவரிடம் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. குடும்பத்தின் மற்ற கிளைகள் எல்லாம் தமிழ்நாட்டு வேர் என்றால், சோதனை முடிவோடு தரும் டிஎன்ஏ பொருத்தப் பட்டியலில் வரும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து உறவுக்காரர் அத்தனை பேரும் அந்த ஒரே ஆள் வழியாகத்தான் வந்திருப்பார்கள். நம் ஊரில் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்வதால் தமிழ்ப் பக்கத்துப் பொருத்தங்கள் உள்ளதைவிட நெருக்கமாகத் தெரிந்து குழப்பும், அந்தத் தொல்லை இந்தப் பக்கத்தில் இருக்காது. அவர் சீமைக்குப் போய்க் கல்யாணம் செய்து பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களும் உங்கள் அப்பாவும் சராசரியாக 450 சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) போலப் பகிர்ந்துகொள்வார்கள். 70, 80 என்று வந்தால் தூரத்து உறவு, அவர்களின் குடும்ப மரங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துப் பொதுவான தாத்தா-பாட்டியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும்.

ஒய் சோதனையில் ஆர்1பி (தகப்பன் வழி வம்சப் பிரிவுக்கான குறியீடு) என்று வந்தால் மேற்கு ஐரோப்பா பக்கம் நினைக்கலாம். ஆர்1ஏ வந்தால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள், அது தமிழ்நாட்டிலும் உண்டு, பிரிட்டனிலும் உண்டு.

லயத்துப் பிள்ளை

ஒன்று சொல்லத்தான் வேண்டும். பூனைக்கண் என்றதும் துரைதான் என்று ஏன் எல்லோரும் முடிவுகட்டுகிறோம்? தோட்டத்து ஆபீஸ், ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, ரயில்வே இங்கெல்லாம் பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளி இலங்கையர், பர்கர் என்பார்கள்) வேலை பார்த்தார்கள். சென்டிமார்கன் அண்ணா சொன்ன ஆர்1பி ஒரு பறங்கியர் குடும்பத்திலும் இருக்கலாம், அவர்கள் தகப்பன் வழியும் ஐரோப்பாதானே. ஆனால் சதவீதம் உதவும். உங்கள் அப்பாவுக்கு ஐரோப்பியப் பங்கு 25-ஐ ஒட்டி வந்தால் முழு வெள்ளைக்காரர், 10, 12 என்று வந்தால் கலப்பான ஒருவர் என்று நினைக்க இடமுண்டு. அப்படியானால் 1908-இல் தொடங்கிய டச்சு பர்கர் சங்கம் தன் இதழில் வெளியிட்ட வம்சாவளிகளைப் புரட்டுங்கள்.

அப்புறம், கொள்ளுப்பாட்டியை மறந்துவிடாதீர்கள். அவர் பெயர் சான்றிதழில் இருக்கிறது. எந்தக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்தவர்) கூட்டத்தில் வந்தார், கூடப் பிறந்தவர்கள் யார், அவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே என்று கேளுங்கள். அந்தத் துரையின் பெயர் அந்த வீடுகளில் எங்காவது ஒரு கிழவிக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். பங்களாவில் ஆயா வேலை பார்த்த பெண்ணுக்கு ‘முடியாது’ என்று சொல்லும் நிலை இருந்ததா என்று நமக்குத் தெரியாது, அவரைக் கெட்டவராக்கித்தான் அந்தத் தலைமுறை பேசியிருக்கும்.

கோத்தகிரி பேத்தி

எல்லோருக்கும் நன்றி. அத்தையிடம் பேசினேன், சோதனைக்கு அவரும் சம்மதித்துவிட்டார். கொள்ளுப்பாட்டியின் தங்கை வழிப் பேத்தி ஒருவர் பண்டாரவளையில் இருக்கிறாராம், நம்பர் வாங்கித் தருகிறேன் என்றார். இன்னும் இரண்டு சந்தேகம். டைரக்டரியில் ஐந்தாறு பேர் வந்தால் எப்படிக் கழிப்பது? சீமையில் உறவு யாராவது பொருந்தினால் என்ன எழுதுவது?

ஹட்டன்வாசி

கழிப்பதற்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. பிரிட்டனுக்கு வந்த பயணிகளின் பட்டியல் 1878 முதல் 1960 வரை, போனவர்களுடையது 1890 முதல் 1960 வரை, இரண்டும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பணம் கட்டினால் இணையத்திலும் தேடலாம். துரைமார் சில வருடத்துக்கு ஒருமுறை நீண்ட லீவில் சீமைக்குப் போவார்கள், கப்பலே மூன்று வாரம் போல. தாத்தா அக்டோபர் நடுவில் பிறந்தவர் என்றால் 38 வாரம் பின்னால் போனால் ஜனவரி கடைசி. தோட்டத்தில் பிறந்த தேதி முன்பின் எழுதப்பட்டிருக்கலாம் என்பதால் 1926 டிசம்பர் முதல் 1927 மார்ச் வரை முழுக்க யார் இலங்கையில் இல்லையோ அவர்களை அடித்துவிடலாம்.

சென்டிமார்கன்

முதல் கடிதத்தில் ‘உங்கள் தாத்தாதான் என் கொள்ளுத்தாத்தா’ என்று ஆரம்பிக்காதீர்கள், பதிலே வராது. நம் பெயருக்கு எதிரே இத்தனை சென்டிமார்கன் காட்டுகிறது, என் குடும்பம் 1920-களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது, உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் இலங்கையில் வேலை பார்த்தார்களா என்று நாலு வரி போதும். சொத்து எதுவும் கேட்கவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், அந்தப் பயத்திலேயே பலர் பதில் போடுவதில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்படியும் பேசாவிட்டால் அவரை விட்டுவிட்டுப் பட்டியலில் அடுத்தவருக்கு எழுதுங்கள்.